பில்லில் வராத விலை: டிவியும் போனும் எப்படி இவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன?

போன தீபாவளிக்குச் சித்தப்பா வீட்டில் 43 இஞ்ச் ஸ்மார்ட் டிவி வாங்கினார்கள். விலை, அவர் சட்டைப்பையில் இருந்த போனைவிடக் குறைவு. சுவரில் மாட்டிக் கொடுக்க வந்தவர் வேலையை முடித்து ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மொழி, வைஃபை, ஈமெயில் எல்லாம் போட்டு முடித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நாலு திரை வந்தது. ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக ஆங்கிலம், அதன் கீழே பெரிதாக, பளிச்சென்று, ஒப்புக்கொள்ளும் பட்டன். "ஓகே குடுப்பா, மேட்ச் ஆரம்பிச்சிரும்" என்று சித்தப்பா பின்னாலிருந்து அவசரப்படுத்தினார். மூன்றாவது திரையில் மட்டும் நின்று படித்தேன். உங்களுக்கு ஏற்ற பரிந்துரைகளைத் தருவதற்காக, திரையில் ஓடுவது என்ன என்று இந்த டிவி அடையாளம் கண்டுகொள்ளும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "டிவிக்குத் தெரிஞ்சா என்ன, அது நம்ம டிவிதானே?" என்றார்.

சரியான கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். ஏனென்றால் 'ஐபோனா ஆண்ட்ராய்டா', 'விண்டோஸா லினக்ஸா' என்று நாம் போடும் சண்டைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதும் இதுதான்: நான் காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருக்காக வேலை செய்கிறது, அதற்கான செலவை யார் கொடுக்கிறார்கள்?

காய்கறிக் கடையில் பை நிறைய வாங்கினால் கடைக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவார். மின்னணுப் பொருட்களில் இது தலைகீழ். விலையைக் கொடுத்துவிட்டு, மேலே கொசுறையும் நாம்தான் கொடுக்கிறோம்: நம் கவனம், நம்மைப் பற்றிய தகவல். அந்தக் கொசுறுக்குச் சந்தையில் நல்ல மதிப்பு உண்டு. அதை நம்பித்தான் பெட்டியின் விலையைக் குறைக்கிறார்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதியெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

கொசுறின் மதிப்பை நேராகப் பார்க்க வேண்டுமா? 2011இல் அமெரிக்காவில் அமேசான் தன் கிண்டில் என்ற மின்னூல் படிப்பானை இரண்டு விலையில் விற்றது. சாதாரணக் கிண்டில் 139 டாலர். அதே கிண்டில், அதே திரை, அதே பேட்டரி, ஆனால் மூடி வைத்திருக்கும்போது திரையில் விளம்பரம் வரும் என்றால் 114 டாலர். வித்தியாசம் 25 டாலர். உங்கள் கண் முன்னால் விளம்பரம் வைக்கும் உரிமைக்கு அந்த நிறுவனம் போட்ட கணக்கு அது. எனக்கு இந்த முறையில் பெரிய கோபம் இல்லை, ஏனென்றால் இரண்டு விலையும் வெளிப்படையாக எழுதியிருந்தது, எது வேண்டும் என்று வாங்குபவர் முடிவு செய்யலாம். என் கோபமெல்லாம் இரண்டாவது விலையைக் காட்டாமலேயே கொசுறை எடுத்துக்கொள்பவர்கள் மேல்தான்.

டிவிக்கே வருகிறேன், ஏனென்றால் இந்த வியாபாரம் அப்பட்டமாகத் தெரிவது அங்கேதான். அமெரிக்காவில் விஜியோ என்று ஒரு டிவி கம்பெனி, மலிவு விலைக்குப் பேர் போனது. 2017 பிப்ரவரியில் அந்த நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் நியூஜெர்சி மாநிலமும் அதன்மேல் போட்ட வழக்கு 22 லட்சம் டாலரில் சமரசமானது. புகார் என்ன? 2014இலிருந்து சுமார் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில், வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்பதை நொடிக்கு நொடி சேகரித்தார்கள், அதுவும் வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல். அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. திரையில் ஓடும் படத்திலிருந்து சில புள்ளிகளின் நிறத்தை டிவி அவ்வப்போது குறித்துக்கொள்ளும். அது ஒரு கைரேகை மாதிரி. அந்தக் கைரேகையை இணையம் வழியாக ஒரு சர்வருக்கு அனுப்பினால், அங்கே லட்சக்கணக்கான நிகழ்ச்சிகள், படங்கள், விளம்பரங்களின் கைரேகை ஏற்கெனவே இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்து இன்ன நிகழ்ச்சி, இன்ன நிமிடம் என்று கண்டுபிடித்துவிடும். டிவியில் உள்ள ஆப்பில் பார்த்தால்தான் தெரியும் என்று நினைக்க வேண்டாம். கேபிள் பெட்டியில் வருவது, டிவிடி போட்டுப் பார்ப்பது என எதுவானாலும் திரைக்கு வந்தால் போதும். அந்த டிவிகளிலிருந்து ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி தகவல் துணுக்குகள் வரை போனதாக ஆணையம் சொன்னது. அதோடு வயது, பாலினம், வருமானம், கல்யாணம் ஆனவரா, வீட்டில் எத்தனை பேர், சொந்த வீடா என்பதையெல்லாம் சேர்த்து மற்ற நிறுவனங்களுக்கு விற்க வழி செய்தார்கள். அந்த வசதிக்கு செட்டிங்ஸில் வைத்திருந்த பெயர் 'ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி'. நிகழ்ச்சிப் பரிந்துரை தரும் என்று ஒரு வரி விளக்கம். கண்காணிப்பு என்ற சொல் எங்கேயும் இல்லை. சித்தப்பா வீட்டில் மூன்றாவது திரையில் நான் பார்த்த வரி அந்த வரியின் தம்பிதான்.

வழக்குக்குப் பிறகு விஜியோ அனுமதி கேட்டுச் சேகரிக்க ஆரம்பித்தது, வியாபாரம் படுக்கவில்லை, வளர்ந்தது. 2021இன் மூன்றாம் காலாண்டில் டிவி, சவுண்ட்பார் விற்று வந்த மொத்த லாபத்தைவிட விளம்பரமும் தகவலும் அடங்கிய பிரிவின் மொத்த லாபம் இரண்டு மடங்குக்கும் மேல். 2024இல் வால்மார்ட் அந்தக் கம்பெனியை 230 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு பல்பொருள் அங்காடிக்கு டிவி கம்பெனி எதற்கு? விளம்பர வியாபாரத்துக்குத்தான், அதை அவர்களே சொல்லித்தான் வாங்கினார்கள். ஆக அந்த வியாபாரத்தில் டிவி என்பது உங்கள் வரவேற்பறைக்குள் நுழைவதற்கான வாசல். அந்த வாசலை அசல் விலையிலோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ கொடுத்தாலும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

இப்போது போன். ஆண்ட்ராய்டு இலவசம் என்று எல்லோரும் சொல்கிறோம், அது பாதி உண்மை. ஆண்ட்ராய்டில் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று, திறந்த மூலமாகக் கிடைக்கும் அடிப்படை ஓஎஸ் (போனை இயக்கும் மென்பொருள்), அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போன் செய்யலாம், கூகுளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். இன்னொன்று, பிளே ஸ்டோர், மேப்ஸ், ஜிமெயில், யூடியூப் அடங்கிய கூகுளின் தொகுப்பு, அதற்குக் கூகுளோடு ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது எவ்வளவு தூரம் ஓடும் என்பதை ஹுவாவே என்ற சீனப் போன் கம்பெனியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 2019இல் அமெரிக்க அரசின் தடையால் அதன் புதிய போன்களுக்குக் கூகுள் தொகுப்பு கிடைக்காமல் போனது. அடிப்படை ஆண்ட்ராய்டைப் பயன்படுத்த அப்போதும் தடை இல்லை. ஆனால் பிளே ஸ்டோர் இல்லாத போனைச் சீனாவுக்கு வெளியே வாங்குபவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள்.

அந்தத் தொகுப்பைக் கூகுள் காசு வாங்காமல் கொடுத்ததற்கு ஒரு நிபந்தனை இருந்தது: கூகுள் தேடலும் குரோமும் போனிலேயே வர வேண்டும். 2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் இது தவறு என்று 434 கோடி யூரோ அபராதம் போட்டது. (பிறகு நீதிமன்றம் 412.5 கோடியாகக் குறைத்தது.) அதே வருடம் அக்டோபரில் கூகுள் செய்ததுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். ஐரோப்பாவில் இனி தேடலையும் குரோமையும் சேர்க்காமலே தொகுப்பை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு உரிமக் கட்டணம் உண்டு என்று அறிவித்தது. அதாவது கட்டி வைத்திருந்த முடிச்சை அவிழ்த்ததும் இலவசத்துக்குள் இருந்த விலை வெளியே வந்து விழுந்தது. நம் ஊரிலும் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் இதே விவகாரத்தில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, அடுத்த மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

போன் செய்யும் கம்பெனிகளின் கணக்கு தனி. 2018இல் சீனப் போன் கம்பெனியான ஷாவ்மியின் தலைவர் லெய் ஜுன், தங்கள் வன்பொருளின் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று அறிவித்தார். அப்படியென்றால் மீதி லாபம் எங்கிருந்து? இணையச் சேவை, விளம்பரம். அந்த விலைப் பட்டியலில் இருக்கும் போன்களில் ஃபைல் மேனேஜரைத் திறந்தால்கூட விளம்பரம் எட்டிப் பார்ப்பது இதனால்தான். பத்தாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு நல்ல போன் கிடைப்பதால் எத்தனையோ பேர் முதன்முதலாக இணையத்துக்கு வந்தார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விளம்பரம் இல்லாத அதே போன் என்ன விலை வரும் என்று கிண்டில் மாதிரி ஒரு சீட்டை ஏன் ஒட்டக்கூடாது?

ஐபோன்காரர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். நியாயம் இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் கொண்டுவந்த மாற்றத்தால், மற்ற ஆப்களிலும் இணையதளங்களிலும் உங்களைப் பின்தொடர விரும்பும் ஆப் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்றானது. ஒரே ஒரு கேள்விதான், ஆனால் அதனால் 2022இல் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தன் முதலீட்டாளர்களிடம் சொன்னது. வேண்டாம் என்று சொல்லும் பட்டனைக் கண்ணில் படும் இடத்தில் வைத்தால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே ஆப்பிள், தன் பிரவுசரான சஃபாரியில் கூகுள் தேடலே தானாக வரும்படி வைத்ததற்கு 2022இல் மட்டும் கூகுளிடம் 2,000 கோடி டாலர் வாங்கியது. அமெரிக்காவில் கூகுள் மேல் நடந்த ஏகபோக வழக்கில் வெளிவந்த தொகை இது. உங்கள் தகவலை விற்க மாட்டோம் என்று சொல்லும் கம்பெனி, உங்கள் தேடலை எந்த வாசலுக்கு அனுப்புவது என்பதற்குக் காசு வாங்குகிறது. இரண்டும் ஒன்றல்ல, உண்மைதான். ஆனால் எண்பதாயிரம் கொடுத்துவிட்டேன், கொசுறுக் கணக்கு எனக்கு இல்லை என்று ஐபோன்காரர் நினைத்தால் அது தப்பு.

இதனால்தான் 'காசு கொடுக்காவிட்டால் நீதான் சரக்கு' என்று அடிக்கடி சொல்லப்படும் வாசகத்தை நான் ஏற்பதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, இரண்டு பக்கமும் உடைகிறது. காசு கொடுத்தவர் டிவி வாங்கியவர், அவரும் சரக்காகத்தான் ஆனார். காசு கொடுக்காதவர், விண்டோஸுக்குப் பதிலாக இலவச ஓஎஸ்ஸான டெபியன் லினக்ஸ் போட்டவர், அவரை யாரும் பின்தொடரவில்லை. லினக்ஸ் எப்படிக் கட்டுப்படியாகிறது என்றால், அதன் மையப் பகுதியான கருவை (கெர்னல்) எழுதுபவர்களில் பெரும்பாலானோர் இன்டெல், ரெட் ஹேட், கூகுள் மாதிரி நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள். அந்த நிறுவனங்களுக்குச் சர்வர் ஓட லினக்ஸ் வேண்டும். அந்தச் செலவில் நமக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. தமிழ்நாடு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும், அது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் அரசுக் காசில் உருவானது. லினக்ஸ் என்றாலே புனிதம் என்றும் இல்லை. 2012இல் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ், கணினியில் எதைத் தேடினாலும் அமேசான் பொருட்களையும் சேர்த்துக் காட்டியது. பயன்படுத்துபவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், 2016 பதிப்பில் அது தானாக ஓடாதபடி நிறுத்தப்பட்டது.

விண்டோஸில் இந்தக் கணக்கு ஒரே திரையில் அச்சடித்த மாதிரி வந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, பிராசஸர் பழசு என்ற காரணத்தால் விண்டோஸ் 11க்குப் போக முடியாமல் நின்றன. அவர்களுக்கு இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் தர மைக்ரோசாஃப்ட் மூன்று வழி வைத்தது. 30 டாலர் கட்டலாம். அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 கொடுக்கலாம். அல்லது கணினியின் செட்டிங்ஸை அவர்களுடைய கிளவுடில் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கணினியை அவர்கள் கணக்கோடு பிணைப்பது 30 டாலர் பெறும் என்று அவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி இல்லையா? போதாததற்கு, 30 டாலர் கட்டினாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மட்டும், நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டதால், கிளவுட் நிபந்தனை போனது, கணக்கில் நுழைந்தால் போதும். அதே மென்பொருள், அதே அப்டேட், ஊருக்கு ஊர் வேறு நிபந்தனை. கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

"என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" இதை எல்லா வீட்டிலும் கேட்கிறேன். மறைக்க ஒன்றுமில்லாதவர் வீட்டிலும் ஜன்னலுக்குத் திரைச்சீலை இருக்கிறது. விஜியோ விவகாரத்தில் டிவி பார்த்த நேரத்தோடு வருமானமும் குடும்ப அளவும் ஒட்டப்பட்டதை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ தினமும் தூங்காமல் டிவி பார்க்கிறார்கள், அந்த வீட்டின் வருமானம் இவ்வளவு என்பது தெரிந்தால், யாருக்கு என்ன விற்கலாம் என்று ஒரு வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது தெளிவாகவும் நிபந்தனை இல்லாமலும் விஷயம் தெரிந்தும் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. சம்மதம் கேட்கும் வாசகத்தை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதில் தமிழும் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். அது நடக்கும்போது அந்த நாலு திரையும் சித்தப்பாவுக்குத் தமிழில் வர வேண்டும். வராவிட்டால் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அதுவரை செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், ப்ரைவசி, ஆட்ஸ் என்று போனால் விளம்பர ஐடியை அழிக்கும் வழி இருக்கும். அது உங்கள் போனுக்கு விளம்பரக்காரர்கள் வைத்திருக்கும் நம்பர் பிளேட், அழித்தால் ஆப்கள் எதுவும் கெட்டுப்போகாது. ஐபோனில் ப்ரைவசிக்குள் டிராக்கிங் என்று இருக்கும், அங்கே ஆப்கள் கேட்பதையே மொத்தமாக நிறுத்திவிடலாம். டிவி வாங்கும்போது திரை அளவையும் விலையையும் கேட்பதோடு, இணையம் இல்லாமலும் கேபிளும் ஹெச்டிஎம்ஐயும் ஓடுமா என்று கடையில் கேளுங்கள். ஓடும் என்றால், அந்த டிவியை வைஃபையில் சேர்க்காமலே வைத்துக்கொள்ள உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் செய்யச் சொல்லவில்லை. விளம்பரம் வந்தாலும் பரவாயில்லை, விலை குறைவாக இருந்தால் போதும் என்பதும் ஒரு முடிவுதான், குடும்பச் செலவு தெரிந்தவர் எடுக்கும் முடிவு. தெரிந்து எடுத்தால் சரி.

சித்தப்பா டிவியில் அந்த மூன்றாவது திரைக்கு அன்றைக்கு 'வேண்டாம்' கொடுத்தேன். அந்தப் பட்டன் சாம்பல் நிறத்தில், ஒப்புக்கொள்ளும் பட்டனுக்குக் கீழே, வெறும் எழுத்தாக இருந்தது. டிவி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, மேட்ச் ஓடியது. பொங்கலுக்குப் போனபோது செட்டிங்ஸில் ஆறு படி உள்ளே போய்ப் பார்த்தேன். நடுவில் ஏதோ அப்டேட் வந்திருந்தது, அந்த சுவிட்ச் மறுபடியும் ஆன் ஆகியிருந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி அவரே அணைத்தார். எந்த வழியாக அங்கே போவது என்று இன்னொரு தடவை கேட்டு, காலண்டரின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டார்.